சுட்டுணர்வும் நினைப்பும்: இந்திய மெய்யியலில் அறிவு எப்போது அறிவாகிறது?

 

ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். தவறு என்னுடையது. 2019 செப்டம்பர், புகைமூட்டம் கடுமையாக இருந்த வாரம். சில மாவட்டங்களில் பள்ளிகளை மூடிவிட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் மூடவில்லை. இரவு பத்தே முக்கால் இருக்கும். ஏதோ ஒரு புலனக் குழுவில் நாளை பள்ளி விடுமுறை என்று ஒரு தகவல் வந்தது. எங்கள் மாவட்டத்தின் பெயரும் அதில் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. அப்படியே என் நான்காம் படிவ வகுப்புக் குழுவுக்குத் தட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன்.

காலை ஆறு மணிக்குப் பள்ளியிலிருந்து அறிவிப்பு: இன்று வழக்கம்போல் பள்ளி உண்டு. பதறிப்போய்த் திருத்தம் அனுப்பினேன். பெரும்பாலோர் வந்துவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் வரவில்லை. அவள் வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி, அம்மாவுடையது. அம்மா விடிவதற்கு முன்பே தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிட்டார், கைப்பேசியோடு. அன்றைக்குத்தான் மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டி. மூன்று வாரம் பயிற்சி எடுத்தவள் வீட்டில் இருக்க, வேறொரு மாணவர் அவள் இடத்தில் போனார். மறுநாள் என்னிடம் வந்து அவள் கோபப்படவில்லை. "சார், நீங்கதானே அனுப்பினீங்க" என்றாள். அவ்வளவுதான்.

பிறகுதான் தெரிந்தது, அந்தத் தகவல் பொய்யே இல்லை. 2015-இல் புகைமூட்டம் வந்தபோது உண்மையாகவே அனுப்பப்பட்டது. அதில் ஆண்டு இல்லை. "நாளை" என்று மட்டும் இருந்தது. நான்கு வருடம் கழித்து யாரோ எடுத்து மறுபடி சுற்றவிட்டிருக்கிறார்கள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே கேள்வி. நான் செய்தது என்ன? எனக்கு இருந்தது தவறான அறிவா, அல்லது கவனக்குறைவு மட்டுமா? எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டா? பட்டயப் படிப்பின்போது வாங்கி வைத்து, சரியாகப் படிக்காமல் விட்ட இந்திய மெய்யியல் நூல்களை மறுபடி எடுத்தேன். என் கேள்வியை ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்பே கேட்டு, சண்டை போட்டு, பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி தமிழிலேயே, மணிமேகலையிலேயே இருக்கிறது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அளவை என்றால் என்ன?

வடமொழியில் பிரமாணம். தமிழில் அளவை. நெல்லை அளக்க மரக்கால் இருப்பதுபோல, அறிவை அளந்து கொடுப்பது அளவை. அளப்பவன் பிரமாதா, அளக்கப்படும் பொருள் பிரமேயம், அளந்து கிடைக்கும் சரியான அறிவு பிரமிதி. இந்த நான்கு சொற்களும் புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எத்தனை அளவைகள் என்பதில் ஒற்றுமை கிடையாது. உலோகாயதர் (சார்வாகர்) காட்சி ஒன்றே போதும் என்றார்கள். பௌத்தரும் வைசேடிகரும் காட்சி, கருதல் என இரண்டு. சாங்கியர் அவற்றோடு உரையைச் சேர்த்து மூன்று. நியாயத்தார் உவமையைக் கூட்டி நான்கு. மீமாஞ்சகரில் பிரபாகரர் வழியினர் ஐந்து, குமாரிலர் வழியினர் ஆறு. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எண்ணிக்கை முக்கியமில்லை, ஒன்றை ஏன் சேர்க்கிறார்கள், ஏன் தள்ளுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். இது அணியிலக்கணத்து உவமை இல்லை, கவனம். நகரத்தான் ஒருவனுக்கு 'கவயம்' என்ற விலங்கைத் தெரியாது. காட்டுவாசி, "அது பசு மாதிரி இருக்கும்" என்கிறான். பிறகு காட்டுக்குப் போனவன் அப்படி ஒன்றைப் பார்த்ததும், 'ஓ, கவயம் என்ற பெயர் இதற்குத்தான்' என்று அறிகிறான். நம் நாட்டுக் காட்டில் செலாடாங் என்கிறோமே, கிட்டத்தட்ட அதே வகை விலங்கு. வகுப்பில் செலாடாங்கைச் சொல்லிப் பாருங்க, உடனே பிடித்துக்கொள்வார்கள். இதைத் தனி அளவை என்றது நியாயம். இல்லை, இது கருதலுக்குள் அடங்கும் என்றது பௌத்தம்.

நியாயத்தின் மூலநூல் அக்கபாதர் எனப்படும் கௌதமர் பெயரில் வழங்கும் நியாய சூத்திரம். அதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய உரை வாத்ஸ்யாயனருடையது, ஏறக்குறைய 5-ஆம் நூற்றாண்டு. (காமசூத்திரம் செய்த வாத்ஸ்யாயனர் வேறு. ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் யாராவது ஒருவர் சிரிப்பார், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன்.) பொறியும் பொருளும் சேர்வதால் பிறப்பதாக, சொல்லோடு கட்டுப்படாததாக, பிறழாததாக, உறுதியானதாக இருப்பதே காட்சி என்பது அந்தச் சூத்திரத்தின் கருத்து. இந்த ஒரு வரையறையைச் சுற்றித்தான் அடுத்த ஆயிரம் ஆண்டுச் சண்டை.

முதல் காட்சியில் பெயர் உண்டா?

சண்டையைத் தொடங்கியவர் திக்நாகர். 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பௌத்தர். காஞ்சிபுரம் பகுதியில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு சொல்லும் செய்தி. அவருடைய முக்கிய நூல் 'பிரமாண சமுச்சயம்'. வடமொழி மூலம் தனி நூலாகக் கிடைக்காமல் போய், திபெத்திய மொழிபெயர்ப்புகளாக வாழ்ந்தது. ஜினேந்திரபுத்தி அதற்கு எழுதிய வடமொழி உரையின் ஏடு திபெத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தது. அந்த உரையின் முதல் அதிகாரம் 2005-இல்தான் பதிப்பாக வெளிவந்தது. தென்னாட்டில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஒருவரின் சிந்தனை எங்கே போய் ஒளிந்திருந்து திரும்பி வந்திருக்கிறது பாருங்க.

அவர் சொன்னது இதுதான். காட்சி என்பது கற்பனை கலவாதது. இங்கே கற்பனை என்றால் கதை கட்டுவது இல்லை. பெயர், சாதி (இனம்), குணம், தொழில், பொருள் ஆகியவற்றை நாம் சேர்த்து ஒட்டுவது. வகுப்பறைக்குள் யாரோ ஒரு பையில் டுரியான் கொண்டுவந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கில் ஏறும் அந்த முதல் நொடியில் உங்களுக்கு 'டுரியான்' என்ற சொல் கிடையாது, 'பழம்' என்ற இனம் கிடையாது, 'நல்ல வாசம்', 'கெட்ட நாற்றம்' என்ற குணப்பெயரும் கிடையாது. ஏதோ ஒன்று தாக்குகிறது. அந்தத் தாக்கம் மட்டுமே காட்சி. 'டுரியான்' என்று சொன்ன நொடியில் நீங்கள் காட்சியைத் தாண்டிக் கருத்துலகத்துக்குள் வந்துவிட்டீர்கள். உலகில் அந்தந்த நொடிக்குரிய தனிப்பொருள் (சுவலட்சணம்) ஒன்று, மனம் கட்டும் பொதுமை (சாமானிய லட்சணம்) ஒன்று. அறியப்படுவது இரண்டே வகை. ஆகவே அளவைகளும் இரண்டே. காட்சி தனிப்பொருளைத் தொடும், கருதல் பொதுமையைத் தொடும்.

இதற்கு 6-ஆம் நூற்றாண்டில் நியாயத்தின் சார்பில் பதில் சொன்னவர் உத்யோதகரர். காரசாரமான ஆள். காட்சி சொல்லுக்கு எட்டாதது என்கிறீர்களே, 'காட்சி' என்ற சொல்லால் அதைத்தானே இப்போது குறித்தீர்கள்? குறித்தது என்றால் அது சொல்லுக்கு எட்டியது. குறிக்கவில்லை என்றால் உங்கள் வரையறை எதைப் பற்றியது என்று மடக்கினார். ஊமை கண்ட கனவுபோல் ஒன்றை வைத்துக்கொண்டு வாதம் செய்ய முடியாது என்பது நியாயத்தாரின் எரிச்சல். இன்னொரு பக்கம் இலக்கண மெய்யியலாளர் பர்த்ருஹரி இருந்தார். 'வாக்கியபதீயம்' செய்தவர். சொல் கலவாத அறிவே உலகில் இல்லை என்பது அவர் கட்சி. மொழியாசிரியர்களாகிய நமக்கு இவரைப் பிடிக்கத்தான் செய்யும்!

7-ஆம் நூற்றாண்டில் குமாரிலர் நடுவில் புகுந்தார். முதலில் பெயரில்லாத வெறும் உணர்வு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பேச்சு வராத குழந்தைக்கும் ஊமைக்கும் இருக்கும் உணர்வுபோல. அதையடுத்து, அதே பொருளைப் பற்றி, 'இது பசு' என்று தெளியும் அறிவு வருகிறதே, அதுவும் காட்சிதான். பொருளோடு பொறியின் தொடர்பு அறுந்துபோகாதவரை அதைக் காட்சி இல்லையென்று ஏன் தள்ள வேண்டும்? முதலாவது நிருவிகற்பம், இரண்டாவது சவிகற்பம். என்னைக் கேட்டால் இவர்களில் குமாரிலர் பக்கம்தான் நான் சாய்வேன். ஆனால் திக்நாகர் கேட்ட கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. அன்றிரவு கைப்பேசித் திரையில் நான் 'கண்டது' சில எழுத்துகள்தானே? விடுமுறையை நான் எங்கே கண்டேன்?

மணிமேகலையில் ஒரே சொல், இரண்டு தீர்ப்பு

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். உ.வே. சாமிநாதையர் 1898-இல் மணிமேகலையை அச்சில் கொண்டுவந்தார். அதில் பலர் தாண்டிப்போகும் இரண்டு காதைகள் உண்டு: 27-ஆவது, சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை, 29-ஆவது, தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை. கதை நகராது, அதனால் தாண்டிவிடுகிறோம். ஆனால் கோட்பாடுகள் குவிந்து கிடப்பது அங்கேதான்.

வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகச் சென்று, உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். இளம்பெண்ணாகப் போனால் யாரும் சொல்லமாட்டார்கள் என்று, மந்திரத்தால் முதிய தவத்தவன் வடிவம் எடுத்துக்கொண்டு போகிறாள். கேள்வி கேட்க ஒரு பெண்ணுக்கு வேடம் வேண்டியிருந்தது. இதை மாணவிகள் தாங்களாகவே கவனிப்பார்கள், நாம் சொல்லத் தேவையில்லை.

முதலில் பேசுபவன் வைதிகத்தைச் சேர்ந்த அளவைவாதி. வேதவியாதன் பத்து அளவை சொன்னான், கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என்று தொடங்குகிறான். கருதலில் மூன்று வகை காட்டுகிறான். காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டு என்பது பொது. ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். கருமுகில் கண்டு மழை வரும் என்பது முதல். வெள்ளத்தைக் கண்டு நடந்து முடிந்த மழையை அறிகிறோம், முகிலைக் கண்டு வரப்போகும் மழையை அறிகிறோம். காலம் இரண்டு திசையிலும் ஓடுவதைக் கவனியுங்கள்.

பத்தில் ஒன்று 'ஐதிகம்'. உலகத்தார் சொல்லும் சொல். அதற்கு அங்கே தரப்படும் உதாரணம், இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வதை நம்புவது! யார் சொன்னார், யார் பார்த்தார் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். இப்போது நடைமுறையில் இருப்பவை என்று அவனே ஆறு அளவைகளைச் சொல்லும்போது ஐதிகம் அதில் இல்லை. எனக்கு வந்த தகவல் எந்த வகை என்று இப்போது புரிந்திருக்கும். புலனத்தில் வருவதால் அது புலனறிவு ஆகிவிடாது. சொன்னவர் தெரிந்தால் உரை, தெரியாவிட்டால் மரத்துப் பேய்.

அதே அளவைவாதி அறிவின் எட்டுக் குற்றங்களையும் சொல்கிறான். சிப்பியை வெள்ளி என்பது திரியக்கோடல். கட்டையா, மனிதனா என்று ஊசலாடுவது ஐயம். ஆராயாமல் கட்டையை மனிதன் என்றே முடிவு கட்டுவது தேராது தெளிதல். முயலுக்குக் கொம்பு என்பதுபோல் சொல்லளவில் மட்டும் இருப்பது இல்வழக்கு. ஏற்கெனவே அறிந்ததையே திரும்ப அறிவது உணர்ந்ததை உணர்தல். குளிருக்கு நெருப்பு மருந்து என்று கண்டுபிடிப்பதுபோல. கண்டுணராமை என்றும் ஒன்று உண்டு, புலி கண் எதிரே வந்தும் அறியாமல் நிற்பது. எட்டாவதைப் படித்தபோதுதான் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அதன் பெயர் நினைப்பு. காரணம் எதுவும் தெரியாமல், இவர்கள் உனக்குத் தாய், தந்தை என்று பிறர் சொல்ல அதை அப்படியே எண்ணிக்கொள்வது. நம் எல்லோருக்கும் பிறந்த நாளும் பெற்றோரும் அப்படித்தானே தெரியும்? நாம் யார் கண்ணால் பார்த்தோம்? அதைக்கூட அறிவுக் கணக்கில் சேர்க்காத அளவுக்குக் கறாரான ஆள்.

நான் விட்டுவைத்த குற்றம் ஒன்று, அந்தப் பட்டியலில் முதலாவது: சுட்டுணர்வு. ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்ற அளவில் மட்டும் உணர்வது. அளவைவாதிக்கு அது அரைகுறை, ஆகவே குற்றம்.

இனி 29-ஆம் காதைக்கு வாருங்கள். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருமத்தைச் சொல்லும் முன் அளவையைச் சொல்கிறார். பௌத்தத்துக்கு அளவை இரண்டே. அதில் காட்சி எது? சுட்டுணர்வு! பெயர், சாதி, குணம், தொழில் என்பவற்றையெல்லாம் விலக்கிவிட வேண்டும், அவை கருதலின் பக்கம் போகும் என்கிறார். அதே சொல். 27-இல் குற்றம், 29-இல் குற்றமற்ற காட்சி அதுவே. ஆசிரியர் சாத்தனார் இதைத் தெரியாமல் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மெய்யியல்களின் பெரும் வழக்கை ஒரே தமிழ்ச்சொல்லின் இரண்டு பக்கமாக வைத்துவிட்டார். திக்நாகரின் 'கற்பனை கலவாத காட்சி' தமிழில் இப்படி ஒரே சொல்லில் நிற்கிறது. தேர்வில் மணிமேகலையின் தருக்கத்தைப் பற்றி எழுதும் வாய்ப்பு வந்தால், இந்த ஒரு புள்ளியை விரித்தாலே போதும்.

29-ஆம் காதையின் தருக்கப் பகுதி, திக்நாகர் மரபைச் சேர்ந்த சங்கரசுவாமியின் 'நியாயப் பிரவேசம்' என்ற நூலோடு மிக நெருங்கி வருவதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சிறு நூலை யுவான் சுவாங் 647-இல் சீனத்துக்கு மொழிபெயர்த்தார். அப்படியானால் மணிமேகலை அதற்கு முந்தியதா, பிந்தியதா என்ற காலச் சண்டை தனி. அதற்குள் நாம் போக வேண்டாம்.

புகை இங்கே, நெருப்பு எங்கே?

இந்த மலையில் நெருப்பு உண்டு (பக்கம்); புகை இருப்பதால் (ஏது); அடுக்களைபோல (திட்டாந்தம்). நியாயத்தார் இதோடு உபநயம், நிகமனம் என இரண்டு சேர்த்து ஐந்து உறுப்பு ஆக்குவார்கள். அந்த இரண்டும் திட்டாந்தத்துக்குள் அடங்கும் என்று அறவண அடிகள் மூன்றோடு நிறுத்துகிறார். ஏது சரியானதா என்று பார்க்க மூன்று சோதனை: பேசப்படும் பொருளில் அது இருக்க வேண்டும்; நெருப்புள்ள வேறு இடத்தில் இருக்க வேண்டும்; நெருப்பில்லாத இடத்தில் இருக்கவே கூடாது.

இதை நடத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், எங்க வீட்டு வாசல்லகூட ஒரே புகை. நெருப்பு எங்க?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் கேள்வி சரி. கடல் தாண்டி வரும் புகைமூட்டத்தில் நம் வாசலில் புகை உண்டு, நெருப்பு இல்லை. மூன்றாவது சோதனையில் ஏது தோற்றுவிடுகிறது! பழைய தருக்க ஆசிரியர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். வெறும் புகை போதாது, அடியிலிருந்து அறுபடாமல் எழும் புகையாக இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். அடி அறுந்த புகை வேறு எங்கோ உள்ள நெருப்பைத்தான் காட்டும். என் தகவலும் அடி அறுந்த புகைதான். 2015-இல் எரிந்த நெருப்பின் புகை 2019-இல் என் வாசலுக்கு வந்தது.

மறுபக்கமாகவும் சொல்ல முடியாது. நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்பது தவறு. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை ஏது? புகைக்கு ஈர விறகும் வேண்டும். இப்படி மறைந்திருக்கும் நிபந்தனைக்கு 'உபாதி' என்று பெயர். உதயனர் (10-ஆம் நூற்றாண்டு), பிறகு மிதிலையில் 14-ஆம் நூற்றாண்டில் 'தத்துவ சிந்தாமணி' எழுதிய கங்கேசர் ஆகியோர் இதை நூலிழை பிரிப்பதுபோல் பிரித்தார்கள்.

சார்வாகர் விடுவார்களா? நீங்கள் பார்த்தது சில அடுக்களைகள். எல்லா இடத்துப் புகையையும், எல்லாக் காலத்துப் புகையையும் பார்த்தீர்களா? பார்க்காமல் 'எங்கும், எப்போதும்' என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார்கள். வலுவான கேள்வி. அவர்களிலேயே புரந்தரர் என்பவர், அன்றாட உலக விஷயத்துக்குக் கருதல் இருந்துவிட்டுப் போகட்டும், காணாத உலகத்துக்கு வேண்டாம் என்று இறங்கிவந்தார். ஜயராசி பட்டரோ நேர்மாறு. காட்சி உட்பட எந்த அளவையும் நிற்காது என்று 'தத்துவோபப்லவ சிம்மம்' என்ற நூலில் எல்லாவற்றையும் உடைத்தார். அது 1940-இல் பரோடாவில் அச்சேறியது. உதயனரின் பதில் கொஞ்சம் குறும்பு: காணாதது இல்லை என்றால், வீட்டைவிட்டு வெளியே வந்த சார்வாகன் மனைவி மக்களைக் காணாமல், அவர்கள் இல்லாமலே போய்விட்டார்கள் என்று அழ வேண்டியதுதான்! சந்தேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு, உன் செயலே உன் சந்தேகத்தைப் பொய்யாக்கும் இடத்தில் அது நின்றுவிட வேண்டும் என்பது அவர் கருத்து.

சொல்பவர் யார்?

உரை என்ற அளவைக்கு நியாயம் வைத்த நிபந்தனை: சொல்பவர் 'ஆப்தர்', அதாவது நம்பத் தகுந்தவராக இருக்க வேண்டும். ஆப்தர் யார் என்பதற்கு வாத்ஸ்யாயனர் தரும் விளக்கம் அருமை. பொருளைத் தாமே நேரில் அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புபவர், சொல்பவர். இந்த இலக்கணம் முனிவருக்கும், ஆரியருக்கும், மிலேச்சருக்கும் ஒன்றே என்கிறார். குலம் பார்க்கவில்லை, மொழி பார்க்கவில்லை. அறிந்தாயா, உள்ளபடி சொல்கிறாயா, அவ்வளவுதான். என் மாணவி என்னை ஆப்தராக எடுத்துக்கொண்டாள். சொல்ல விரும்பினேன், சொன்னேன், நேரில் அறிந்திருந்தேனா? அங்கே விழுந்தேன்.

ஒரு சொல்லை, ஒரு அறிவை, சோதிக்காமல் ஏற்கலாமா என்பதிலும் இரண்டு கட்சி. அறிவு பிறக்கும்போதே செல்லுபடியாகிறது, தவறு என்று ஒரு காரணம் வரும்வரை அதை ஏற்கலாம் என்பது குமாரிலர் (சுவதப் பிராமாணியம்). இல்லை, செல்லுபடியாகுமா என்பது வெளியிலிருந்துதான் தெரியவரும் என்பது நியாயம்; தண்ணீர் என்று அறிந்தோம், குடித்தோம், தாகம் தீர்ந்தது, ஆகவே அறிவு சரி. அப்படியானால் சோதித்த அறிவைச் சோதிப்பது எது, அதைச் சோதிப்பது எது என்று வாலைப் பிடித்துக்கொண்டே போக வேண்டுமே என்று குமாரிலர் திருப்பிக் கேட்பார். நடைமுறையில் நாம் எல்லோரும் குமாரிலர் ஆட்கள்தான். சோறு போடும் அம்மாவிடம் யாரும் சான்று கேட்பதில்லை. ஆனால் முப்பத்தெட்டு பிள்ளைகளுக்கு ஒன்றை அனுப்பும் விரல் மட்டுமாவது நியாயக் கட்சியில் இருந்திருக்கலாம்.

இந்த விவாதமெல்லாம் தமிழில் மணிமேகலையோடு முடிந்துவிடவில்லை. 242-ஆம் குறளின் உரையில் பரிமேலழகர் காட்சி, அனுமானம், ஆகமம் என மூன்று அளவை சொல்லி, ஆறு என்பாரும் உண்டு, அவை இவற்றுள் அடங்கும் என்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவையை வைத்தார். அவர் காட்சியை வாயிற்காட்சி, மனக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காகப் பிரிப்பது, 7-ஆம் நூற்றாண்டுப் பௌத்தர் தர்மகீர்த்தி 'நியாய பிந்து'வில் பிரிக்கும் நான்கோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. பௌத்தத்தைக் கடுமையாக மறுத்த சைவ நூலில்! எதிராளியிடம் நல்ல கருவி இருந்தால் எடுத்துக்கொள்ள அவர்கள் கூச்சப்படவில்லை.

சிப்பியை எடுக்கக் குனிந்தவன்

கடைசியாக, என்னை உறுத்திய கேள்வி. கடற்கரையில் சிப்பி மின்னுகிறது, 'இது வெள்ளி' என்று ஒருவன் நினைக்கிறான். அவனுக்குள் என்ன நடந்தது? இதற்கான விளக்கங்களைக் 'கியாதி வாதம்' என்பார்கள். உள்ளத்தின் வடிவமே வெளியில் தோன்றியது என்பர் யோகாசாரப் பௌத்தர். உண்டு என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாத ஒரு வெள்ளி அங்கே தோன்றியது என்பர் அத்துவைதிகள். எனக்கு வேண்டியது மற்ற இரண்டு.

பிரபாகரர் சொல்வது 'அக்கியாதி'. பொய்யறிவு என்று ஒன்று கிடையாது. 'இது' என்பது கண்ணில் படும் காட்சி, உண்மை. 'வெள்ளி' என்பது முன்பு எங்கோ கண்டதன் நினைவு, அதுவும் உண்மை. இரண்டும் வேறு என்று பிரித்து அறியாததுதான் நடந்தது. படித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா! 'நாளை' என்ற எழுத்துகளை நான் கண்டது உண்மை. 2015-இல் பள்ளி மூடியதும் உண்மை. இரண்டையும் பிரித்து அறியவில்லை. நான் தவறாக எதையும் அறியவில்லை, ஒன்றை அறியாமல் விட்டேன், அவ்வளவுதான்.

நியாயம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அதன் கொள்கை 'அன்னியதாக்கியாதி'. ஒன்றை மற்றொன்றாகவே அறிவது. மணிமேகலை சொல்லும் திரியக்கோடல் இதன் பக்கம்தான். வெறும் அறியாமை ஒருவனைக் குனியவைக்காது, கை நீட்டவைக்காது என்று அவர்கள் வாதிட்டார்கள். தூங்குபவனுக்கும்தான் வேறுபாடு தெரியவில்லை, அவன் குனிகிறானா?

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. இந்தத் தடவை பள்ளி மூடியது உண்மைதான். அந்த மாணவி அப்போது ஐந்தாம் படிவம். இணைய வகுப்பில் ஒருநாள் பாடத்திட்டத்துக்குச் சற்று வெளியே போய், இந்த இரண்டு கொள்கைகளையும் சொல்லி, என் கதையையும் சொல்லி, பிரபாகரர் எனக்கு எவ்வளவு வசதியானவர் என்பதையும் சொன்னேன். சார் பக்கம் தீர்ப்பு எழுதுங்கள், அல்லது எதிராக எழுதுங்கள், மூன்று உறுப்பில் எழுத வேண்டும் என்றேன்.

பெரும்பாலோர் என்மேல் இரக்கப்பட்டுப் பிரபாகரர் பக்கம் போனார்கள். அவள் அம்மாவின் கைப்பேசியில் தட்டி அனுப்பியது மூன்றே வரி. சாருக்கு இருந்தது தவறான அறிவே. அதை வைத்துச் செயல் நடந்ததால். சிப்பியை எடுக்கக் குனிந்தவனைப் போல.